காவிரியின் திமில் மீனும் தவறான குஞ்சுகளும்

மஹ்சீர் என்னும் பெரிய ஆற்றுக் கெண்டையைக் காப்பதாக எண்ணி, காவிரிக்கு உரியதல்லாத இன்னொரு மஹ்சீரை அந்த ஆற்றில் ஆண்டுக்கணக்காக விட்டிருக்கிறோம் என்பதுதான் காவிரி மஹ்சீரின் கதையில் என்னை மிகவும் உறுத்துகிறது. தலைக்குப் பின்னால் காளையின் திமில்போல் எழும்பிய முதுகும் செம்மஞ்சள் வாலும் கொண்ட காவிரி மஹ்சீர், இந்தப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது.

அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் என்று வழக்கமான காரணங்கள் இதன் அழிவுக்கும் உண்டு. ஆனால் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய குஞ்சு பொரிப்பகத்தில் பெருக்கப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் 1970களில் காவிரிக்கும் வந்து சேர்ந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அன்று இரண்டும் ஒன்றுதான் என்றே பலர் நினைத்தார்கள். பிடித்த மீனை எடைபோட்டுவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடும் தூண்டில் முகாம்களின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டியபோதுதான், நீலத் துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே போக, திமில் மீனின் இளங்குஞ்சுகள் ஏறக்குறையக் காணாமற்போனது தெரியவந்தது.

இத்தனை புகழ்பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை என்பதால், அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் சேர்க்கவும் வழியில்லாமல் இருந்தது. காவிரிப் படுகையைச் சேர்ந்த கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற மஹ்சீரும் இதுவும் ஒன்றே என்பதை, நீலகிரியில் தோன்றும் மோயாற்றின் மீன்களின் மரபணுவைக் கொண்டு நிறுவிய பிறகே, அது மிக அருகிய இனமாக அப்பட்டியலில் இடம்பெற்றது.

இனிச் செயற்கை இனப்பெருக்கம் செய்வதானால், சினை மீன் ஒவ்வொன்றின் மரபணுவையும் சோதித்த பிறகே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. நீலத் துடுப்புக் குஞ்சுகளைக் காவிரியில் விடாமல் இருப்பதற்கோ பணமும் தேவையில்லை, பொரிப்பகமும் தேவையில்லை. அதைவிடக் கடினமானது மோயாற்றின் நீர்: அதன் மேற்பகுதியில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள் இருப்பதால், மழைக்காலப் புதுவெள்ளத்தில் முட்டையிட மேலேறும் மீனுக்குப் போதிய நீர் கிடைப்பதும் கிடைக்காததும் மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. மீன்வளத் துறையும் வனத்துறையும் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.