சிலிம் ரிவர்: வடக்கா, தெற்கா?

1994-இல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து, கோலாலம்பூரில் ஏறியவர்கள் ஈப்போவில்தான் இறங்குகிறார்கள். நடுவிலுள்ள சிலிம் ரிவர் என்ற சிறுநகரம் அவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. நான் பழைய சாலைக்காரன். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை ஓடும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் டோல் கிடையாது. என் விருப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்?

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் சாலையோரத் தோட்டங்களில் செம்பனைதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பர் அபூர்வமாகிவிட்டது. தோட்டத்து மண்பாதை பெரிய சாலையில் வந்து முட்டும் இடத்தில் ஒரு லாரி திரும்பியது. குலுங்கிய வேகத்தில் குலைகளிலிருந்து பழங்கள் உதிர்ந்து தார் மீது உருண்டன. அடுத்து வந்த கார் அவற்றை நசுக்க, ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இந்த முனைகளில் வேகத்தைக் குறையுங்கள். மழை நாளில் சொல்லவே வேண்டாம்.

சிலிம் ரிவரில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் கேட்டேன். கடைக்கார அம்மா ஆற்றிக்கொண்டே, "வடக்கா தம்பி, தெற்கா?" என்றார். அவர் குடும்பத்துக்கு இரண்டு திசையிலும் கதை இருக்கிறது. மகன் ஜொகூர் பாருவில் வாடகை அறையில் தங்கி, விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறான். 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் தினமும் காத்துக் கிடப்பது கொடுமைதான். ஆனாலும் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே மூன்று மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கிடைக்கும்போது, தோட்டத்துப் பிள்ளையை யார் தடுப்பது?

வடக்குக் கதை பழையது. 1941 டிசம்பரில் தாய்லாந்தில் இறங்கிய ஜப்பானியரின் ஒரு படை இந்தச் சாலை வழியாகவே தெற்கே வந்தது. 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன் துரோலாக் பக்கமிருந்து டாங்கிகள் வரிசையாகப் புகுந்தன. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிக் கம்பிகளை ஜப்பானிய அதிகாரி வத்தனாபே தன் வாளால் வெட்டினார். பஞ்சாபியரும் கூர்க்காக்களும் இருந்த, பிரிட்டிஷ் தரப்பின் 11-ஆவது இந்திய டிவிஷன் அன்று சிதறிப்போனது. அதே ஆண்டு தொடங்கிய 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதையைப் போடத் தோட்டத் தமிழர்களையும் பிடித்துப் போனார்கள். போனவர்களில் அந்த அம்மாவின் தாத்தாவும் ஒருவர். திரும்பவில்லை. போர் என்றால் பாலத்தையும் டாங்கியையும் மட்டுமே பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

"நீங்கள் தாய்லாந்துப் பக்கம் போனதுண்டா?" என்று கேட்டேன். போன பள்ளி விடுமுறையில் பக்கத்து வீட்டாரோடு வேன் பிடித்து அங்குள்ள ஹாட்யாய் நகருக்குப் போனாராம். துணி மலிவு, தோம் யாம் சூப் மட்டும் இங்கே தாப்பாவில் கிடைப்பதுதான் ருசி என்று அடித்துச் சொன்னார். அடுத்த நிறுத்தம் தாப்பா என்று முடிவு செய்துகொண்டு காசைக் கொடுத்தேன்.