ஜிம்னிக்கு 235 டயர்: உரசல் எங்கே வந்தது, எப்படிப் போனது

தாண்டிக்குடிப் பக்கம் உறவினரின் காபித் தோட்டத்துக்குள் போகும் தடத்தில் டிராக்டரும் பழைய ஜீப்புகளும் ஓடி ஓடி, இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் மேடு எழும்பி நிற்கிறது. அந்த மேட்டில் என் ஐந்து கதவு மாருதி ஜிம்னியின் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் புடைத்துத் தொங்கும் கியர் பெட்டி) தட்டிக்கொண்டே இருந்தது. உயரமான ஸ்பிரிங்கால் வண்டியை 40 மி.மீ. தூக்கும் லிஃப்ட் போட்ட பிறகும் தட்டியது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இடது வலது சக்கரங்களைப் பிணைக்கும் ஒரே கட்டை. உயரமான ஸ்பிரிங் சேசிஸைத்தான் தூக்கும். டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூட வேண்டுமென்றால் டயர்தான் பெரிதாக வேண்டும்.

கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. நான் போட நினைத்தது 235/75 ஆர்15, விட்டம் 733.5 மி.மீ. அதாவது ஆக்சிலுக்கு அடியில் 20 மி.மீ. கிடைக்கும். கேட்கச் சின்னதுதான், ஆனால் அந்த மேட்டில் அது தட்டுவதற்கும் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

லிஃப்ட் போட்டால் பெரிய டயர் தானாக உள்ளே போய்விடும் என்று பலர் சொல்வார்கள். வண்டி நிற்கும்போது பார்த்தால் அப்படித்தான் தெரியும், வீல் ஆர்ச்சில் கை நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். ஆனால் டயர் உரசுவது நிற்கும்போது அல்ல. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதும், ஒரு சக்கரம் முழுசாக மேலே அமுங்கும்போதும்தான். ஸ்பிரிங் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆக்சில் கடைசியில் போய் நிற்பது பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால், முழு அமுக்கத்தில் டயருக்குக் கிடைக்கும் இடமும் பழைய இடம்தான். இதை மனதில் வைத்தே ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் வீல். கம்பெனி வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது போல்ட் ஆகும் தளம் எத்தனை மி.மீ. வெளியே என்ற கணக்கு) +5. 235 டயருக்கு அது குறுகல், குறைந்தது 6 அங்குலம் வேண்டும். 6 அங்குலத்தில் −5 ஆஃப்செட் வீல் எடுத்தேன். கணக்கு இப்படி: டயர் 195-லிருந்து 235 ஆகி 40 மி.மீ. அகலம் கூடுகிறது, பக்கத்துக்கு 20. ஆஃப்செட் மாற்றம் டயரை மொத்தமாக 10 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆக உள்பக்கம் 10 மி.மீ. நெருங்குகிறது, வெளிப்பக்கம் 30 மி.மீ. நீட்டுகிறது. இன்னும் வெளியே தள்ளினால் உள்ளே நிம்மதிதான். ஆனால் சக்கரம் திரும்பும் வட்டம் பெரிதாகிப் பம்பரில் இடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். −5 எனக்குச் சரியான நடுவழியாகப் பட்டது.

அப்புறம் ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டியைத் தூக்கினால், ஆக்சிலைச் சேசிஸோடு குறுக்கே பிணைக்கும் பான்ஹார்ட் ராட் சாய்ந்து, ஆக்சிலைத் தன் சேசிஸ் முனைப் பக்கமாக இழுக்கும். ஃபெண்டரிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு டயர் வரை அளந்தபோது, இடம் வலம் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்ட இருந்தது. உண்மையான நகர்வு அதில் பாதி. அட்ஜஸ்டபிள் ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன். இதை விட்டுவிட்டு ஒரு பக்கம் மட்டும் உரசுகிறதே என்று பிளாஸ்டிக்கை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இந்த வேலையின் உயிர் அடுத்த சோதனைதான். பட்டறையில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் விட்டுவைத்தோம். டயரின் தோள்பகுதி முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தோம். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை ஜாக்கியால் ஏற்றி, எதிர்ப்பக்கத்தை முழுசாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக ஒடித்தோம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக ஏற்றிப் பார்த்தால் போதாது. ரிஜிட் ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது அந்த டயரின் தலை உள்பக்கம் சாயும், அங்கேதான் ஒளிந்திருக்கும் உரசல் வெளியே வரும்.

சாக்பீஸ் தடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. இடது ஒடித்தால் இடது டயரின் முன்விளிம்பு பம்பரின் கீழ்மூலையிலும், வலது டயரின் பின்விளிம்பு சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையான ஃபெண்டர் லைனரிலும் பட்டது. லிஃப்டால் முன் ஆக்சில் கொஞ்சம் பின்னால் வந்திருப்பதால் பின்பக்கத் தடம்தான் அழுத்தமாக இருந்தது. திரும்பும் பக்கத்து டயரின் உள்சுவர், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மைத் தொட்டது. ஏறிய பக்கத்தில் வீல் ஆர்ச்சின் மேற்பகுதியிலும் ஒரு வெள்ளைக் கீற்று.

மேலே பட்டதற்கு 25 மி.மீ. பம்ப் ஸ்டாப் ஸ்பேசர். டயர் ஆரத்தில் கூடிய 20 மி.மீ.யை அது ஈடுகட்டுகிறது. லிஃப்டில் 40 கிடைத்து அதில் 25 போனாலும், மேல்நோக்கிய அசைவு பழையதைவிட 15 மி.மீ. அதிகம்தான். ரேடியஸ் ஆர்மில் படாமலிருக்க, ஸ்டீயரிங் ஒடியும் எல்லையைக் குறிக்கும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகி அந்த எல்லையைக் குறைத்தோம். தோட்டத்துக் கொண்டையூசி வளைவு ஒன்றில் இப்போது ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திரும்ப முடிகிறது. அந்த விலையை மனதார ஏற்றுக்கொள்கிறேன். லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னால் தள்ளி ஸ்குரூ அடித்தோம். வெட்டியது கடைசியாக, பம்பரின் கீழ்மூலை மட்டும். டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஒரு விரல் இடைவெளி கிடைக்கும் வரை. தொடாமல் இருந்தால் போதும் என்று விடக் கூடாது. மலைச் செம்மண் ஒட்டிக்கொண்டால் டயர் இன்னும் தடித்துவிடும்.

லிஃப்டால் மாறிய ஸ்டீயரிங் சாய்வுக் கோணத்தைச் சரிசெய்யும் கேஸ்டர் புஷ் மாற்றி அலைன்மென்டும் பார்த்தாயிற்று. முழுசாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்பதைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் வண்டி தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது, வெளியே ஆஃப்ரோட் தடத்துக்குப் போனால் லாரியில் ஏற்றித்தான்.

ஓட்டிப் பார்த்ததில் நடுமேட்டைத் தட்டாமல் தாண்டுகிறது. டயர் 5.8 சதவீதம் பெரிதானதால் கியர் அந்த அளவுக்கு உயர்ந்த மாதிரி ஆகிவிட்டது, ஏற்றத்தில் இழுவை குறைவது தெரிகிறது. செங்குத்தில் 4எல் (மெதுவாக இழுக்கும் ஃபோர் வீல் கியர்) போட்டால் கவலை இல்லை. டயர் வெளியே நீட்டியதால் சேறு கதவுக் கண்ணாடி வரை தெறிக்கிறது, வீல் ஆர்ச் விளிம்பை நீட்டும் அகலமான ஃபிளேர் பார்க்க வேண்டும்.

பாக்கி இருப்பது ஸ்டெப்னி. ஜிம்னியின் ஃபோர் வீல் டிரைவில், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. சாதாரண ஃபோர் வீல் நிலையான 4எச்சிலோ 4எல்லிலோ ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், விசையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும், அதனால் ஐந்தாவதும் 235 ஆகத்தான் இருக்க வேண்டும். அந்த எடையைப் பின்கதவுத் தகட்டில் மட்டும் தொங்கவிட மனம் வரவில்லை. சுமையைக் கீல்களுக்குப் பரப்பும் பிராக்கெட் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.