நெஞ்சு நீரில் பார்த்த ஏ.என்.ஏ. பரிசோதனை

உசிலம்பட்டியில் இருக்கும் என் தங்கைக்கு மூன்று வாரமாக விடாத காய்ச்சலும் இடது விலாவில் குத்துவலியும் இருந்தன. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நீர் கோத்திருப்பது தெரிந்ததும், அதை ஊசியால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விரல் மூட்டுகளிலும் அவளுக்கு வலி இருந்ததால், அந்த நீரிலேயே ஏ.என்.ஏ. என்னும், உடலின் சொந்த அணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருளையும் பார்க்க எழுதியிருந்தார்கள். முடிவு 1:160, பாசிட்டிவ். லூபஸாக, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோயாக இருக்கலாம், அந்த எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்கலாம் என்று சொல்லப்பட்டது. அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் மதுரையில் நாங்கள் பார்த்த நெஞ்சக மருத்துவர் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு மற்ற தாள்களை முதலில் படித்தார். நீரில் புரதம் மிகுதி, அணுக்களில் பெரும்பாலானவை லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள், காசநோயில் உயரும் ஏ.டி.ஏ. என்னும் நொதி 72. நாற்பதைத் தாண்டினாலே நம் பகுதியில் காசநோயை நினைக்க வேண்டும் என்றார். பிறகு இரத்தத்திலும் ஏ.என்.ஏ. பார்க்கச் சொன்னார், அதிலும் அதே 1:160தான் வந்தது.

"கண்மாய்த் தண்ணி கலங்கியிருந்தா, வரத்துக் கால்வாயையும் பாக்கணும்லம்மா" என்றார். வீங்கிய நுரையீரல் உறை வழியாக இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் நீருக்குள் கசிந்துவிடும் என்பதால், நீரில் தனியாகப் பார்ப்பது இரத்தப் பரிசோதனைக்கு மேல் அதிகம் எதையும் சொல்வதில்லை. புற்றுநோயால் கோத்த நீரிலும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. நெகட்டிவாக வந்திருந்தால்தான் லூபஸ் இல்லை என்று ஓரளவு சொல்ல உதவியிருக்குமாம். லூபஸைச் சுட்டும் டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள் அவளுக்கு இல்லை, லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் சிறுநீரில் வரும் புரதமும் இல்லை.

காசநோய்க்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். இரத்தத்தில் பார்க்கும் அந்தக் கிட்டுகளை இந்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நெஞ்சு நீரில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை நெகட்டிவாக வந்தது. அதை மட்டும் நம்பிக் காசநோய் இல்லையென்று விட முடியாது என்று, நுரையீரல் உறையிலிருந்து சிறு துணுக்கு எடுத்தார்கள். அதில் காசநோயில் காணப்படும் கிரானுலோமா என்னும் அணுத்திரள் இருந்தது. லூபஸென்று நம்பி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்திருந்தால் உள்ளே இருந்த கிருமிக்கு அதுவே தோதாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உதறுகிறது.

ஆறு மாதம் காசநோய் மாத்திரைகள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கடைசி எக்ஸ்ரேயில் நீர் இல்லை, இடது ஓரத்தில் சிறு தடிப்பு மட்டும் இருந்தது. மூட்டு வலியும் போய்விட்டது. இருந்தாலும் இரத்த ஏ.என்.ஏ.வை மனதில் வைத்து, வலி திரும்பினால் மூட்டு மருத்துவரைப் பார்க்கும்படி நெஞ்சக மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.