கொட்டைமுத்துக் குறிப்புகள்

நவம்பர் 11, 2024

சேப்பல் மணி அடித்தது கேட்டது. எழுந்திருக்கவில்லை. ரூம்மேட் போய்விட்டு வந்து, "சாமி உன்னைக் கேட்டாரு" என்றான். மிசோரம்காரன், இரண்டு வருடத்தில் இந்த அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது அவனுக்கு.

அப்பாவுக்கு இன்று சேலத்தில் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்களாம். ரிசல்ட் வரப் பத்து நாள். அம்மா "பத்தே நாள்தான்" என்று சொன்ன விதம் சரியில்லை.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் 22ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தலைப்பு மட்டும் இருக்கிறது.

நவம்பர் 12

கைடு கேட்டார்: ஒரு சொல்லுக்கு முப்பது பக்கமா?

ஆமாம் சார், ஒரு சொல்லுக்குத்தான். கீகாயோன். யோனாவுக்கு நிழலாகக் கடவுள் ஒரே ராத்திரியில் வளரவைத்து, மறுநாள் பூச்சியால் காயவைத்த செடி. எபிரெய வேதம் முழுக்கத் தேடினாலும் யோனா நாலாம் அதிகாரத்தில் மட்டும்தான் இருக்கிறது, ஐந்து தடவை, அப்புறம் எங்கேயும் கிடையாது. வேறு இடத்தில் வந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து இன்ன செடி என்று சொல்லிவிடலாம். வராததால் ஆளுக்கொரு செடி நட்டார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது சுரைக்கொடி. பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் அதை ஐவிக்கொடி ஆக்கினார். நம்முடைய 1871 பவர் ஐயர் மொழிபெயர்ப்பில் ஆமணக்கு, எங்கள் ஊரில் கொட்டமுத்து. இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதில் தியாலஜி எங்கே இருக்கிறது?" என்றார்.

வெளியே வந்து டீ குடித்தேன். இரண்டு.

நவம்பர் 14

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவா கேட்பார்? முப்பத்திநாலு வருடம் உபதேசியாராக இருந்து மைக் இல்லாமல் ஊரையே எழுப்பியவர். இன்று போனில் காற்றுதான் வந்தது, நடுவில் சொல். அந்தக் காற்றிலும் கேட்கிறார்: "அதான் ஆமணக்குன்னு தெளிவா போட்டிருக்கே, இதுக்கா ரெண்டு வருசம்?"

சுரைக்காய்க் கதையைச் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அம்மா போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது, திரும்ப அப்பா. "டேய், கொட்டமுத்து முளைக்கவே ஒரு வாரம் புடிக்கும். ஆள் உக்கார நெழலு வேணும்னா மூணு நாலு மாசம். ஒரே ராத்திரியில வந்ததுதான்டா அற்புதம், என்ன செடிங்கறதுல என்ன இருக்கு." அதோடு வைத்துவிட்டார்.

சார் கேட்ட கேள்விக்கு இது பதில் மாதிரி இருந்தது. அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது?

நவம்பர் 15

போன் இல்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வாராந்தர ஊழியத்துக்காகப் போகிற சபையில் ஓய்வுநாள் பள்ளி. ஒரு குட்டிப் பெண் கேட்டாள், திமிங்கலத்துக்கு வயிறு வலித்திருக்காதா என்று. யோனா கதையில் திமிங்கலமே இல்லை பாப்பா, தாக் காதோல், பெரிய மீன், அவ்வளவுதான் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. இதற்குத்தான் எம்.டிஎச். (இறையியல் முதுநிலை) படிக்கிறேன் போல.

நவம்பர் 19

ராத்திரி ஒன்றரை. தூக்கம் வரவில்லை, ஓயா சம்பவத்தை மறுபடி படித்தேன். எத்தனையாவது தடவையோ.

ஓயா என்பது இன்றைய லிபியாவின் திரிபோலி. அங்கே ஒரு பிஷப் ஜெரோமின் புது மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவை வாசிக்க ஏற்பாடு செய்கிறார். இந்தச் செடி வருகிற இடத்தில் சபை எழுந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சுரை என்று காதில் விழுந்து மனப்பாடமான இடம், இப்போது என்னமோ வேறு கொடியைச் சொல்கிறானே! பெரிய கலவரம், அதிலும் கிரேக்கர்கள் ரொம்ப சத்தம் போட்டார்கள். பிஷப் ஊரிலிருந்த யூதர்களிடம் போய்க் கேட்கிறார், அவர்கள் பழைய மொழிபெயர்ப்புதான் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். சபையே இல்லாமல் போய்விடும் என்று பயந்து பிஷப் திருத்திவிட்டார். இதையெல்லாம் ஹிப்போ ஊர் பிஷப் அகஸ்டின் 403இல் ஜெரோமுக்கே எழுதுகிறார், பணிவாகத்தான், ஆனால் உள்ளே ஊசி இருக்கிறது. அடுத்த வருடம் ஜெரோம் பதில் போடுகிறார், கோபமாக.

எனக்குப் பிடித்தது ஜெரோமின் வாதம். அந்தச் செடி அவருக்குத் தெரியும். அகலமான இலை, திராட்சை இலை மாதிரி, நல்ல நிழல், கொம்பு நடாமல் தன் தண்டிலேயே நிற்கும் என்று வர்ணிக்கிறார். ஆமணக்கேதான்! சொல்லை அப்படியே எழுதினால் லத்தீன்காரனுக்கு ஒன்றும் புரியாது, அதனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சிலரைப் பின்பற்றி ஐவி போட்டேன் என்கிறார். தெரிந்தே தப்பான செடியைப் போட்ட மனுஷன். நம்மூர்க்காரன் யாராவது பெத்லகேமில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. தமிழில் அந்தச் செடிக்குப் பெயர் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, திட்டுவதற்குக்கூட அதுதான்.

அப்பா சபையிலும் இப்படி நடந்தது. புது மொழிபெயர்ப்பை ஒரு வாலிபன் வாசித்தான், 'தேவன்' வர வேண்டிய இடத்தில் 'கடவுள்' என்று வந்ததும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து போய்விட்டார். அப்பா அவர் பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவருடைய தாத்தா காலத்துக்கு முன்னால் அது 'பராபரன்' ஆக இருந்தது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அதை அவர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காதே என்றார்.

நவம்பர் 20

மெஸ்ஸில் இன்றும் அதே ரசம். ரூமில் மூங்கில் குருத்தும் பன்றிக்கறியும் கொதித்தது, நாகாலாந்து நண்பர்கள் இரண்டு பேர் வந்து கிடார் வாசித்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டது குற்றம் போல இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. அப்பா கஞ்சியில் இருக்கிறார் என்பதாலா?

நவம்பர் 21

பத்து நாள் ஆகிவிட்டது. வரவில்லை. "இன்னும் ரெண்டு மூணு நாள்" என்கிறார்களாம். வெளியே எங்கேயோ அனுப்பியிருக்கிறார்களாம், எங்கே என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 22

அத்தியாயத்தைக் கொடுத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தும் முதல் பக்கத்திலேயே யோனா 6:4 என்று இருக்கிறது. மொத்தம் நாலு அதிகாரம்தான் அந்தப் புத்தகத்தில்.

நவம்பர் 25

விளக்கெண்ணெய் என்று எழுதினதிலிருந்து ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இன்று லைப்ரரியில் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவை எடுத்தேன். ஓய்வுநாள் விளக்குக்கு எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது, சபாத் இரண்டாம் அதிகாரம். கூடாதவற்றில் கீக் எண்ணெய். அது என்ன எண்ணெய் என்று மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில் வாக்குவாதம். ஒருவர் பருத்திக்கொட்டை எண்ணெய் என்கிறார். ரேஷ் லாகிஷ் என்கிற ரபி சொல்கிறார், யோனாவின் கீகாயோன். ஓய்வுநாள் விளக்குக்கு ஆகாது என்று அவர்கள் தள்ளிவைத்த எண்ணெய்க்கு நாம் விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்திருக்கிறோம். சத்தமாகச் சிரித்துவிட்டேன், லைப்ரரி அக்கா பார்த்தார்.

ஆயா காய்ச்சும்போது ஊரே நாறும். கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, பெரிய சட்டியில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பாள். நேரம் ஆக ஆக மேலே மஞ்சளாகத் திரண்டு வரும். அதை அகப்பையின் விளிம்பால், தண்ணீர் ஒரு சொட்டு சேராமல், சட்டியின் ஓரத்தில் ஒட்டி ஒட்டி வழிப்பாள். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பிறகு இன்னொரு தடவை காய்ச்சினால் பட்பட்டென்று வெடித்துத் தண்ணீர் போகும், சத்தம் நின்றால் பதம். சனிக்கிழமை தலைக்கு, மாதம் ஒரு தடவை வயிற்றுக்கு. அந்த வயிற்றுச் சனிக்கிழமைகளில் அப்பாவும் என்னோடு வரிசையில் நிற்பார், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவு பெரிய ஆள்.

தல்மூதில் அதே இடத்தில் இன்னொரு வரி. ராபா பார் பார் ஹானா சொல்கிறார்: யோனாவின் கீகாயோனை நான் பார்த்திருக்கிறேன், வாய்க்கால் ஓரங்களில் வளரும், அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள், மேற்கு தேசத்து நோயாளிகள் எல்லாம் அதன் கிளைகளுக்கு அடியில்தான் இளைப்பாறுவார்கள்.

நோயாளிகள் எல்லாம்.

இதை நோட்டில் எழுதிவிட்டு வேறு எதுவும் எழுதவில்லை. லைப்ரரி மூடும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 26

ஏழாம் வசனத்துக்கு வந்தாயிற்று. பூச்சி. இன்று தொடவில்லை.

நவம்பர் 27

இன்றும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பின் பழைய பிரதி ஒன்று ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்று போனேன். கடன்காரர்களால் சிறைக்குப் போன மனுஷன், அவருடைய தமிழ் மட்டும் என்ன தெளிவு! பெரியவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். சிறிய தீர்க்கதரிசிகள் பக்கம் போனால் யோனா நாலில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள், பக்கம் பக்கமாக நேர்கோட்டில், மீகா வரைக்கும். எனக்கு வேண்டிய சொல் இருந்த இடத்தில் அடுத்த பக்கம் தெரிகிறது. பெரியவரிடம் காட்டினேன். "பூச்சி தம்பி, என்ன பண்றது" என்றார்.

சரி. தொடுகிறேன்.

எபிரெயத்தில் தோலாத், புழு. அப்பாவிடம் மெசேஜில் கேட்டேன் (பேச விடவில்லை). பதில் வாய்ஸ் மெசேஜாக வருகிறது, நல்லவேளை அம்மா பார்க்கவில்லை: "காவட்டைப் புழு எலையத்தான் திங்கும். நரம்பு மட்டும் நிக்கும், செடி சாவாது, திரும்பத் தழையும். விடியறதுக்குள்ள காயணும்னா உள்ள பூந்திருக்கணும். தண்டுல."

அதைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.

நவம்பர் 28

வரட்டுமா என்றேன். வராதே, எழுதி முடி என்கிறார் அப்பா. அக்கா நீ வந்து என்ன செய்யப் போகிறாய் என்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. போனைக் கட்டிலில் எறிந்தேன். நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று கடவுள் கேட்டால் யோனா சொல்வானே, மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்று. அந்த ஆளை இரண்டு வருடமாக நான் சின்னப்பிள்ளைத்தனம் பண்ணுகிறவன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்த வேண்டும்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கிறது. இங்கே தூறல், குளிர். எட்டாம் வசனத்துக் கீழ்க்காற்று, ருவா காதீம், அதற்கு ஹரீஷித் என்று ஓர் அடைமொழி, அதுவும் வேறு எங்கேயும் இல்லாத சொல். உஷ்ணமான என்று போட்டார் பவர் ஐயர். யாருக்குத் தெரியும்.

டிசம்பர் 1

ஆட்வென்ட் முதல் ஞாயிறு. ஒரு மெழுகுவர்த்தி. பாட்டுப் பயிற்சியில் டெனர் பக்கம் நின்று வாயை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு லைன் போகவில்லை.

டிசம்பர் 2

ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையாம். ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிற வீடியோவை எல்லாரும் அனுப்புகிறார்கள். அந்த ரோட்டில் எனக்கு ஒவ்வொரு கடையும் தெரியும். அங்கிருந்து வீட்டுக்குப் பதினொரு கிலோமீட்டர். நாற்பது தடவையாவது அடித்திருப்பேன். ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்.

ரூம்மேட் ஜெபம் பண்ணலாமா என்றான். பண்ணு என்றேன். மிசோவில் பண்ணினான், ஒரு சொல்லும் புரியவில்லை, அப்பா என்கிற இடம் மட்டும் புரிந்தது. அவன் அதைத் தமிழில் சொன்னான்.

டிசம்பர் 3

மத்தியானம் அம்மா. பக்கத்து ஊரில் போய் சார்ஜ் போட்டிருக்கிறாள். வீட்டுக்குள் முழங்கால் வரை வந்து வடிந்துவிட்டதாம். பசுவையும் கன்றையும் சர்ச்சுக்குள் கட்டினார்களாம், ஆடு ஏழும் இருக்கிறதாம், ஒன்றுக்கு மட்டும் கால் வீங்கியிருக்கிறது, அதற்கு என்ன போட்டாள், எப்படிக் கட்டினாள், எல்லாம் சொன்னாள். பத்து நிமிடம் ஆடு மாடுதான். நானும் நிறுத்தவில்லை.

வைக்கும்போது, "ரிசல்ட் வந்துடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு, நேர்ல வரணுமாம்."

டிசம்பர் 4

கைடு அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். 6:4ஐச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் 'இந்தச் செடியை விட்டு ஊருக்குள் வா' என்று பென்சிலில். லீவு எழுதிக் கொடுத்தேன், உடனே கையெழுத்துப் போட்டார், காரணம் கேட்கவில்லை.

ராத்திரி பஸ். கிருஷ்ணகிரியில் இறங்கி டீ. மாமா கார் வைத்து அப்பாவையும் அம்மாவையும் மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலத்துக்குக் கூட்டிவருகிறார், ரோடு திறந்திருந்தால்.

டிசம்பர் 5

சேலம். அப்பா துண்டைக் கழுத்தில் சுற்றியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையால் கேட்டார், எழுதி முடித்துவிட்டாயா என்று.

டோக்கன் 46. இப்போது 31 போகிறது.