1942 ஏப்ரல்: வராத படையெடுப்பு

பர்மாக் கடையை அப்படியே விட்டுவிட்டு ஐயா கானாடுகாத்தான் திரும்பிய நேரம் அது. மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. அந்த மாதமே அந்தமானும் போயிற்று. ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலை என்று குண்டுகள் விழுந்தன. ஜப்பானியப் படை தென்னிந்தியக் கரைக்கு வருகிறது என்ற தகவலை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு நம்பியதில் எனக்கு வியப்பே இல்லை. அவசியப் பணியில் இல்லாதோர் சென்னையை விட்டுப் போகும்படி அறிவுறுத்தினார்கள். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு உறவினர்களால் நிரம்பிவிட்டது என்று அப்பத்தா சொல்வார்.

படை வரவில்லை. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. கரையிறங்கும் படை இல்லை. இலங்கையைப் பிடிக்கும் கடற்படையின் யோசனைக்கு ஜப்பானியத் தரைப்படையே இணங்கவில்லை. எதிரியின் பலத்தைக் கப்பல்களை எண்ணி அறியலாம், அவன் எண்ணத்தை அப்படி அறிய முடியாது. ஆகவே, கணித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

போகச் சொன்ன அரசின் மீதுதான் என் கோபம். எங்கள் உறவினர்களுக்குச் செட்டிநாட்டில் வீடு இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் எங்கே போவார்?