கடல்குதிரைகளுக்கு வீடு தயார்

ஆறு வாரமாக வெறும் உப்புத் தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்களுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொட்டித் தண்ணீரில் இன்று காலையும் பூஜ்யம். ஒரு வாரமாக இதே அளவுதான். இனி கடல்குதிரைகள் வரலாம்!

தொட்டி 60 செ.மீ. உயரம். இவற்றுக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். ஜோடி சேரும்போது இரண்டும் ஒன்றாக மேலே எழும்பும், அப்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும். சுமப்பதும் பெறுவதும் அப்பாதான். அதற்கு இடம் வேண்டாமா?

வெப்பம் 23 டிகிரி. பவளத் தொட்டிகளில் வழக்கமாக வைக்கும் 26 இவற்றுக்கு ஆகாது. சூடு ஏறினால் நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா பெருகும். அதற்காகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். செலவு அதிகம்தான், ஆனால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பம்பின் உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூடியாயிற்று, வால் சிக்கிவிடக் கூடாதே. பற்றிக்கொள்ள செயற்கைச் செடிகள் நிறைய.

அப்புறம் சாப்பாடு. கடல்குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. உறிஞ்சி விழுங்கியது சீக்கிரமே வெளியேறிவிடும். தினமும் மூன்று வேளை மைசிஸ் எனும் குட்டி இறால் தர வேண்டும், மீந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். வேகமான மீன்களைக் கூட விட்டால் இவை பட்டினிதான்.

கடலில் பிடித்தவை எனக்கு வேண்டவே வேண்டாம். 2004 முதல் எல்லாக் கடல்குதிரை இனங்களின் சர்வதேச வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பண்ணையில் பிறந்து, உறைந்த இறாலுக்குப் பழகிய ஒரு ஜோடியைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வந்ததும் படம் போடுகிறேன்.