11 மில்லிகிராம்

சீழ் பிடித்த புண்ணுக்கு ஒரு செடியின் இலையை அரைத்துக் கட்டும் வைத்தியர் ஒருவரிடமிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது. அப்படிப்பட்ட புண்களில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை அந்த இலை தடுக்கிறதா என்று பார்ப்பது திட்டம். பெரிய கருவிகள் இல்லாத சிறிய ஆய்வகம் எங்களுடையது. ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்தேன், நான்கு வருடம் ஆனது.

முதல் ஆறு மாதம் என் தவறால் போயிற்று. முதலில் பறித்த இலையின் சாறு நன்றாக வேலை செய்தது. அடுத்த முறை பறித்த இலையில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே செடிதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பழைய செய்தித்தாளும் இரண்டு பலகையும் போதும். வைத்தியரை அந்த இடத்துக்கே அழைத்துப்போனோம். பார்த்த உடனே, இது வேறு அது வேறு என்று பிரித்துக் காட்டினார்.

சரியான செடி கிடைத்ததும் இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்தோம். பாக்டீரியா வளர்க்கும் தட்டில் சாறு பட்ட இடத்தைச் சுற்றி, பாக்டீரியா வளராத வட்டம் தெரிந்தது. சந்தோஷம் ஒரு வாரம்தான். ஜெலட்டின் கரைசல் சேர்த்ததும் சாற்றிலிருந்த டானின் என்ற துவர்ப்புப் பொருள் எல்லாம் படிந்தது, வீரியமும் அதோடு போய்விட்டது. டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். சோதனைத் தட்டில் மருந்து மாதிரியே தெரியும். தாவரச் சாறு பரிசோதிப்பவர்கள் இந்த ஜெலட்டின் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். “தண்ணியில போட்டா எப்படி? எண்ணெய் விட்டுல்ல அரைக்கணும்” என்றார். முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கிறார், என் குறிப்பேட்டிலும் இருக்கிறது. அது ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன். சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதை தெரிந்திருந்தும் விட்டேன் என்பதுதான் வருத்தம். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவருக்கு வழி காட்டியது ஒரு பழைய சீன மருத்துவ நூலின் செய்முறை. செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971இல் அந்தச் சாறு எலி மலேரியாவை முழுவதும் கட்டுப்படுத்தியது. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து அதிலிருந்து வந்தது.

எங்கள் இலைக்குச் சூடு பிரச்சினையில்லை. வேண்டிய பொருள் தண்ணீரில் கரையவே இல்லை. எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் இறக்கியதும் வீரியம் திரும்பியது, ஜெலட்டினுக்கும் அசையவில்லை.

அப்புறம் பிரித்தெடுக்கும் வேலை. சிலிகா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஒவ்வொரு பகுதியையும் பாக்டீரியாவிடம் காட்டி, வேலை செய்வதை மட்டும் மறுபடி பிரிக்க வேண்டும். மின்சாரம் போன இரவுகளின் தட்டுகளையெல்லாம் தூக்கிப் போட்டோம். கடைசியில் சுத்தமாகத் தேறியது 11 மில்லிகிராம் வெள்ளைப் பொடி.

பொடி என்ன மூலக்கூறு என்று காட்டும் என்எம்ஆர் கருவி வெளிநாட்டில்தான் இருந்தது. பொடியை அனுப்ப அனுமதி, பரஸ்பர ஒப்பந்தம் என்று ஏழு மாதம் போயிற்று. எரிச்சல்பட்டேன், ஆனாலும் அந்த விதிகள் வேண்டும் என்றுதான் சொல்வேன். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தபோது, செடியின் நாட்டுக்குப் பங்கு தரச் சொல்லும் உடன்படிக்கை எதுவும் இல்லை. 2014இல் அமலுக்கு வந்த நகோயா நெறிமுறை அதற்காகத்தான்.

முடிவு வந்தது: உர்சாலிக் அமிலம். ஆப்பிள் தோலில்கூட இருக்கும், ரொம்ப நாளாகத் தெரிந்த பொருள். அன்று யாரோடும் பேசவில்லை.

மாலி நாட்டு ஆய்வு ஒன்றுதான் எங்களைத் திருப்பியது. அங்கே பிரமதண்டுக் கஷாயத்தை 301 மலேரியா நோயாளிகளிடம் வழக்கமான கூட்டு மருந்தோடு ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மூலிகை எடுத்துக்கொண்டவர்களில் யார் குணமானார்கள் என்பதில் தொடங்கி, மூலக்கூறைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். பணமில்லாத ஆய்வகத்துக்கு இதுதான் பொருத்தமான வரிசை என்று நம்புகிறேன். புது மூலக்கூறு கிடைத்தாலும் அதை மருந்தாக்கும் செலவை எங்களால் தாங்க முடியாது. தரம் மாறாத ஒரு களிம்பை எங்களால் செய்ய முடியும்.

இப்போது உர்சாலிக் அமிலம் எங்களுக்கு அளவுகோல். ஒவ்வொரு முறை பறிக்கும் இலையிலும் அது எவ்வளவு என்று பார்த்த பிறகே எண்ணெயில் இறக்குகிறோம். வைத்தியரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். வருவாயில் பங்கு என்பது நாங்கள் எழுதியது. செடியை வேரோடு பிடுங்கக் கூடாது என்பது அவர் சேர்க்கச் சொன்னது. மூன்றாவது தொகுதிக் களிம்பு, கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க, அலமாரியில் ஆறாவது மாதத்தில் இருக்கிறது. தோல் எரிச்சல் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.